ஆளுக்கு ஒரு கடிதம்

எங்கள் மேலாண்மைப் பள்ளியின் ஆண்டு மலரில் ‘கடந்து வந்த ஆண்டு’ என்று ஒரு கட்டுரை வர வேண்டுமாம். எழுநூறு சொல். வகுப்புப் பிரதிநிதி என்ற முறையில் அது என் தலையில் விழுந்தது. ஒருங்கிணைப்பாளர் மேடம் போனில் சொன்னார்: “நல்லா உற்சாகமா எழுதுங்க. அடுத்த வருஷம் சேர வர்றவங்க படிப்பாங்க. அழுமூஞ்சியா இருக்கக் கூடாது.”

உற்சாகமாக எழுத விஷயம் இல்லாமல் இல்லை. பாதி வருடத்தில் டைரக்டர் பல்கலைக்கழகத்தோடு சண்டை போட்டுக்கொண்டு, மேசைமேல் இருந்த குடும்பப் படத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டார். மழைக்காலத்தில் இரண்டாவது மாடிக் கூரை ஒழுகி, ‘இடர் மேலாண்மை’ வகுப்பு நடுவில் வாளி வைத்துக்கொண்டு நடந்தது. துப்புரவுப் பணியாளர்கள் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே வாரம் வேலைநிறுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதிய நாங்கள், கழிப்பறைக்கு எதிர்க் கட்டடம்வரை நடந்தோம். பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடந்த போட்டியில் கோப்பை வாங்கினோம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தால் எங்கள் குழுவைப் பற்றி ஒரு வரி இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பூசணிக்காயைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இது மலருக்குப் போகாது.

முதல் நாளே எங்களை நான்கு நான்கு பேராகப் பிரித்தார்கள். ஓராண்டுப் படிப்பு, நான்கு பருவம், கடைசிவரை அதே நான்கு பேர். எங்கள் குழுவில் ஒரு கேப்டன். பதினைந்து வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர், எட்டரை மணி வகுப்புக்கு எட்டுக்கே வந்து உட்கார்ந்து எங்களை முறைப்பவர். ஆடிட்டர் என்று நாங்கள் கூப்பிட்ட பெண்ணுக்கு இருபத்தைந்து வயது. தணிக்கை அலுவலகத்திலிருந்து வந்தவள், இரண்டும் இரண்டும் நாலு என்று சொன்னாலும் ஒருமுறை கூட்டிப் பார்ப்பாள். நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வரவேற்புப் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். முப்பத்தாறு வயது, ஒரு மகள். அதனால் கேப்டனைத் தவிர மற்ற இருவருக்கும் நான் அக்கா.

நான்காவது ஆள் டாக்டர். மாட்டு டாக்டர். பெரிய பால் பண்ணை ஒன்றில் நல்ல வேலையில் இருந்தார். அங்கே மேலாளர் ஆவதற்கு மேலாண்மைப் பட்டம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டார், வீட்டைக் காலி செய்தார், மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மாமனார் வீட்டு மாடியில் குடியேறிப் படிக்க வந்தார். ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்று நாங்கள் கிண்டல் செய்தால் கோபப்பட மாட்டார். “எங்க மாமனார் தெனமும் காலையில என்னைப் பாக்கற பார்வை இருக்கே, கறவை நின்ன மாட்டைப் பாக்கற மாதிரியே இருக்கும்க்கா. பட்டம் வாங்கிட்டாப் போதும், மறுபடி கறக்க ஆரம்பிச்சுருவேன்” என்பார். எங்களுக்குச் சிரிப்புத் தாங்காது.

இனி அந்தப் பாழாய்ப்போன விதி. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் குழுவில் மற்ற மூன்று பேரையும் நாம் வரிசைப்படுத்த வேண்டும். கணினித் திரையில் மூன்று கட்டங்கள் வரும்: முதல், நடு, கடைசி. பெயர்களை இழுத்துக் கட்டத்தில் போட வேண்டும். இரண்டு பேரை ஒரே கட்டத்தில் போட்டால் ஏற்காது. கூட்டிப் பார்த்து, குழுவிலேயே அடியில் இருப்பவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போகும். இரண்டு பேர் சமமாக அடியில் வந்தால் இரண்டு பேருக்கும் போகும். வருடத்தில் இரண்டு கடிதம் வாங்கியவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

மற்ற குழுக்கள் இதில் அடித்துக்கொண்டு நாறின. நாங்கள் புத்திசாலிகள். நான்கு பருவம், நான்கு பேர்; ஆளுக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் யாருக்கும் இரண்டாவது வராது. யோசனை என்னுடையதுதான். ஆடிட்டர் உடனே அட்டவணை போட்டாள். யார் யாரை எந்தக் கட்டத்தில் இழுக்க வேண்டும் என்று நான்கு பருவத்துக்கும் எழுதிவைத்துவிட்டோம். இப்படிக் கூடிப் பேசிக்கொள்வது தெரிந்தால் நான்கு பேரையும் நீக்கிவிடுவார்கள் என்பது சேர்க்கைப் படிவத்திலேயே இருந்தது. ஆனால் யார் சொல்லப்போகிறார்கள்? வேறு படிப்புப் படிக்கிறவர்கள் இந்த விதியைப் பார்த்துத் திட்டியிருப்பார்கள், இல்லை அழுதிருப்பார்கள். மேலாண்மை படிக்கிறவர்கள்தான் அதற்கு ஓர் அட்டவணை போட்டுவிட்டு ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொள்வார்கள்.

முதல் பருவத்துக் கடிதத்தைக் கேப்டன் வாங்கினார். ‘குழுவோடு ஒத்துழைப்பதில் கவனம் தேவை’ என்று இருந்ததைச் சத்தமாகப் படித்துக் காட்டி, “பதினஞ்சு வருஷம் எல்லையில என்ன தனியாவா நின்னேன்?” என்றார். இரண்டாவது ஆடிட்டருக்கு. மூன்றாவது என் முறை, நான்காவது டாக்டர்.

மூன்றாம் பருவத்தில்தான் நிறுவனங்கள் ஆள் எடுக்க வருகின்றன என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் செயல்பாட்டு மேலாளர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தேன். கடிதத்தோடு எப்படிப் போய் நிற்பது? டாக்டரிடம் கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நான் மூணாவது வாங்கிக்கறேன், நீங்க நாலாவது வாங்கிக்குங்க. எனக்கு இன்டர்வியூவா கொள்ளையா? பண்ணையில நாற்காலி காத்துக்கிட்டிருக்கு, பட்டம் வந்தாப் போதும்” என்றார். ஆடிட்டர் அட்டவணையில் எங்கள் பெயர்களை இடம் மாற்றினாள்.

இதற்கு நடுவில்தான் பழைய டைரக்டர் போய்ப் புது டைரக்டர் வந்தார். ஏதோ கம்பெனியில் ஆட்களைக் குறைத்துப் பெயர் வாங்கியவர் என்று சொன்னார்கள். மூன்றாம் பருவ வரிசைப்படுத்தல் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை கல்விக் குழுக் கூட்டத்தைக் கூட்டினார். வகுப்புப் பிரதிநிதிகள் நாங்கள் மூன்று பேர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மாணவர் குழுவில் மற்ற மூவருமே ஒருவரைக் கடைசியில் போட்டிருந்தால் இனி இரண்டாவது கடிதத்துக்குக் காத்திருக்கப் போவதில்லை, நேராக நீக்கம். இந்தப் பருவத்திலிருந்தே நடைமுறை என்றார். “கூட இருக்கற மூணு பேரும் வேண்டாம்னு சொல்ற ஆளை நாம எதுக்குச் சுமக்கணும்?” என்று கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

“வரிசை போட்டு முடிச்ச பிறகுதான் அறிவிப்பு வரும்” என்றார் எங்களைப் பார்த்து. “முன்னாடியே தெரிஞ்சா எல்லாரும் கூடிப் பேசி வெச்சுப்பாங்க. பிரதிநிதிங்க மூணு பேரோட குழுவையும் நான் தனியாப் பாப்பேன். போன ரெண்டு பருவத்துல எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குன்னு.” வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

எனக்கு நான்கு நாள் இருந்தது. யாரிடமும் சொல்லக்கூட வேண்டாம். திங்கட்கிழமை டாக்டரின் பெயரை நான் ஒருத்தி மட்டும் நடுக் கட்டத்தில் போட்டிருந்தால் போதும். மூவரும் ஒருமனதாக என்ற பேச்சே எழாது. அவருக்கு வழக்கமான எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும், அதையும் சத்தமாகப் படித்துச் சிரித்திருப்போம்.

பயந்துவிட்டேன் என்று சொல்லலாம். பயம் இருந்தது உண்மை. இரண்டு பருவம் எங்கள் குழுவில் மூவரும் ஒரே மாதிரி போட்டிருக்கிறோம். இப்போது என்னுடையது மட்டும் மாறினால் ரகசியத்தை வைத்து ஆளைக் காப்பாற்றியவள் நான்தான் என்று டைரக்டர் பிடித்துவிடுவார். பிடித்தால் அடுத்த புதன்கிழமை இன்டர்வியூ போச்சு. இப்படி நான்கு நாளும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். புது ஆள் சும்மா மிரட்டுகிறார், இந்த வருடமே செய்ய மாட்டார் என்றும் சொல்லிக்கொண்டேன். வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அந்தக் கணக்கில் டாக்டர் ஒரு மனிதராக வரவே இல்லை. எனக்கு வரக்கூடிய ஆபத்துகளில் ஒன்றாகத்தான் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் இன்டர்வியூவுக்குப் பயிற்சி கொடுக்க. சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, என் கணவரின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் கேள்வி கேட்டார். “உங்க குழுவுல ஒருத்தர் சரியா வேலை செய்யலன்னா என்ன பண்ணுவீங்க?” என்று ஒரு கேள்வி. நான் அழகாகப் பதில் சொன்னேன். “அருமைக்கா, இதுக்கே வேலை குடுத்துருவான்” என்றார். என் மகள் அவரை மாமா மாமா என்று சுற்றிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது நான் வாசல்வரை போய் வழியனுப்பினேன். வாய் வரைக்கும் வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வரவே இல்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கணினி அறையில் அவர் பெயரை இழுத்துக் கடைசிக் கட்டத்தில் போட்டேன். அவர் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து என்னை முதல் கட்டத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அட்டவணை அப்படித்தான்.

புதன்கிழமை இன்டர்வியூ, வியாழக்கிழமை வேலை உறுதி. வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். நூற்றிருபது பேரில் மூன்று பேர் நீக்கம். டாக்டர் கடிதத்தை நான்காக மடித்துக்கொண்டு கேன்டீனுக்கு வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார். ‘குழுவாக இயங்கத் தகுதியற்றவர் எனச் சக மாணவர்கள் ஒருமனதாகக் கருதுகின்றனர்’ என்று இருந்தது. ஆடிட்டர் அழுதுவிட்டாள். கேப்டன் எழுந்தே விட்டார்: “வாங்க, நாலு பேரும் போய் உண்மையைச் சொல்லுவோம். வர்றது வரட்டும்.”

டாக்டர்தான் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். “சொன்னா நாலு பேரும் போவோம் சார். நான் ஒருத்தன் போறது போதாதா? அக்காவுக்கு நேத்துதான் வேலை கெடச்சிருக்கு. விடுங்க, எனக்கு நேரம் சரியில்ல.” நான் அவர் தோளில் கை வைத்தேன். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு அவரைப் பற்றி ஆடிட்டர் சொல்லித்தான் தெரியும். மாமனார் அந்தக் கடிதத்தை உறவினர் முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாராம். பண்ணையில் மேலாளர் நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய பதவிக்கும் ஆள் வந்துவிட்டது. தனக்குக் கீழே வேலை பார்த்தவனுக்குக் கீழே இப்போது இவர் வேலை பார்க்கிறார். நான்காம் பருவத்துக்குள் விதியை மறுபடி திருத்தி, கடைசிப் பருவத்துக்கு வரிசைப்படுத்தலே வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கு வர வேண்டிய கடிதம் வரவே இல்லை.

ஆண்டு மலர்க் கட்டுரையைத் திறந்துவைத்துக்கொண்டு நான்கு நாளாக வெறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து என் கணவர் என்னவென்று கேட்டார். அவரிடம்தான் முதலில் சொன்னேன். “இப்பப் போய் அதைக் கிளறாத. புண்ணு ஆறிக்கிட்டிருக்கு” என்றார்.

“யாரோட புண்ணு?” என்றேன்.

மறுநாள் காலை பண்ணைக்குக் கிளம்பிப் போனேன்.

நீளமான தகரக் கொட்டகை. ஒரு மாட்டை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி, பின்னங்காலைத் தூக்கிக் கட்டி, டாக்டர் குனிந்து குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “அக்கா! மேனேஜரம்மா மாட்டுக் கொட்டகைக்கு! செருப்பைப் பாத்து வைங்க, எல்லாம் சாணி.” மகள் எப்படி இருக்கிறாள், கேப்டன் இன்னும் எட்டு மணிக்கே வருகிறாரா என்று கேட்டார். மெலிந்திருந்தார். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். வியாழக்கிழமைக் கூட்டம், கையெழுத்து, திங்கட்கிழமை எல்லாம்.

அவர் கை நிற்கவில்லை. குளம்பிலிருந்து சீவல் சீவலாக விழுந்துகொண்டிருந்தது.

“வியாழக்கெழமையே தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப ஞாயித்துக்கெழம நான் உங்க வீட்டுக்கு வந்தப்பவும் தெரியும்.”

“தெரியும் டாக்டர்.”

கத்தியைச் சட்டத்தின் மேல் வைத்தார். மாட்டின் காலை அவிழ்த்துவிட்டு, அது சரியாக ஊன்றுகிறதா என்று பார்த்தார். பிறகுதான் பேசினார். “இத்தன மாசம் நேரம் சரியில்ல, நேரம் சரியில்லன்னு சொல்லிக்கிட்டே ஓட்டிட்டேன்க்கா. மாமனார் பேசுவாரு. இவருக்கு என்ன தெரியும், என்கூடப் படிச்ச மூணு பேரும் தங்கம்னு மனசுக்குள்ள நெனச்சுக்குவேன். அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் இன்னைக்கு வந்து வாங்கிட்டுப் போறீங்க. உங்களுக்கு லேசாயிடும். எனக்கு?”

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“அது வேணாம். நீக்கினதை எதுத்து மனு போட இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு. நானே போட்டா எவனும் நம்ப மாட்டான், தோத்தவன் பொலம்பறான்னுவான். நடந்ததை எழுதி நீங்க ஒரு லெட்டர் குடுங்க. கேப்டன் என்னைக்கோ தயார். ஆடிட்டரும் வந்துருவா. கூடிப் பேசினதுக்கு என்னையும் சேத்து நீக்கினாலும், தகுதியில்லாதவன்ங்கற பேரு போயிடும், அடுத்த வருஷம் என்னை மறுபடி சேத்துக்குவாங்க.”

“எழுதினா என் பட்டம் போயிடும் டாக்டர். வேலை போயிடும்.”

“ஆமா, போயிடும்.” அதை அவர் கோபமில்லாமல் சொன்னார். மாட்டுக்கு என்ன நோய் என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

“யோசிக்கிறேன்” என்றேன்.

“யோசிங்க. போன தடவ நாலு நாள் யோசிச்சீங்க. இப்ப பத்து நாள் இருக்கு.” அடுத்த மாட்டைப் பிடித்து வர உள்ளே போய்விட்டார். கால் மணி நேரம் நின்று பார்த்தேன். அந்தப் பக்கமாகவே வேலையை வைத்துக்கொண்டார், திரும்பி வரவில்லை.

பத்து நாளும் யோசித்தேன். கடிதத்தைத் தொடங்கினேன், ‘மதிப்பிற்குரிய டைரக்டர் அவர்களுக்கு’ என்பதைத் தாண்டி இரண்டு வரி போனது. மகளின் பள்ளியை நினைத்தேன். பதினோரு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்த வரவேற்பு மேசையை நினைத்தேன். என் கணவர் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. எனக்கு என் மேல் கோபம் வருகிறது, ஆத்திரம் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுத முடியவில்லை.

கட்டுரையில் மட்டும் ஒன்று செய்தேன். கோப்பை வாங்கிய இடத்தில் ‘எங்கள் குழுவின் நான்கு பேரும் வருடம் முழுவதும் ஒருவருக்கு ஒருவர் துணையாக இருந்தோம்’ என்று ஒரு வரி சேர்த்தேன். டாக்டர் என்றாவது படித்தால் பார்க்கட்டும் என்று. அதைச் சேர்த்ததும் ஏதோ பெரிய தைரியம் செய்துவிட்ட மாதிரி மூச்சு விட்டேன். இருபத்தேழாம் தேதி காலை அனுப்பிவைத்தேன்.

இருபத்தெட்டாம் தேதி மதியம் ஒருங்கிணைப்பாளர் மேடம் போன் செய்தார். அலுவலகம் மூட இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

“கட்டுரை பிரமாதம். டைரக்டர் சாருக்கே ரொம்பப் பிடிச்சிருச்சு. ஒரே ஒரு எடத்துலதான் சின்னத் தப்பு. உங்க குழுவுல நாலு பேர்னு எழுதியிருக்கீங்க. எங்க பதிவுல அப்படி இல்லையே. யாரோ ஒருத்தர் பாதியில போயிட்டாரு போல. மூணுன்னு திருத்திரட்டுமா? இல்ல, அதைப் பத்தி நீங்க ஏதாவது சொல்லணுமா?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார்.

“ஒண்ணும் இல்ல மேடம்” என்றேன். “மூணுன்னே போட்டுக்குங்க.”